வலப்பக்க ஆசனம் – 9: அவள் பெயரில் பேசிய குரல்

“விட்டுக்கொடுத்ததுக்கு நன்றி, நுஸ்ரா. மறக்கமாட்டன்.”

சுஜிதனிடமிருந்து வந்த செய்தி அவ்வளவுதான். கூடவே ஒரு படம். வெள்ளைச் சட்டை, இரு தோளிலும் பொன்னிறப் பட்டிகள், பின்னால் ஒரு சின்ன விமானத்தின் மூக்கு.

நுஸ்ரா எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது.

வெள்ளிக்கிழமை வந்த செய்திக்கு அவள் பதில் போடவில்லை. சனிக்கிழமை காலை, மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் பெரிய வீதியோரம் இருந்த வாப்பாவின் வாசனைச் சரக்குக் கடையைத் திறந்தாள். கறுவாக் கட்டுகளை முன்னால் அடுக்கிவிட்டு, உள்ளே கதிரையில் உட்கார்ந்து போனில் அவனுக்குக் கோல் எடுத்தாள்.

“நான் எதை விட்டுக்கொடுத்தேன், சுஜி?”

சுஜிதன் சிரித்தான்.

“என்ன, பகிடி விடுறியா? அந்தச் சீகிரியாக் கம்பனி. முதல்ல உன்னைத்தானே எடுக்க இருந்தவை. நீ வேண்டாமெண்டு சொன்ன பிறகுதான் எனக்குக் கோல் வந்தது.”

“நான் வேண்டாம்னு சொன்னேனா? யாருகிட்ட?”

“மெனேஜரிட்ட. நீயே கோல் எடுத்து, கலியாணம் சரிவந்திட்டுது, இனிப் பறக்கிறேல்ல எண்டு சொன்னனியாம்.”

“எனக்குக் கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் யாருக்கும் கோல் எடுக்கல்ல.”

“அப்ப ஆர் கதைச்சது?”

அந்தக் கேள்வி கொஞ்சம் வேகமாக வந்ததுபோல அவளுக்குப் பட்டது.

“உனக்கு முதல் பறப்பு எப்ப?”

“நாளைக் காலமை. ஆக்களை ஏத்திக்கொண்டு.” பிறகு தயங்கிக் கேட்டான். “நுஸ்ரா, உண்மையாவே நீ சொல்லேல்லையா?”

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

விமானி உரிமம் கைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. வாப்பா பலீல் அதற்காகப் பல்லேபொலையில் இருந்த மிளகுக் காணியை விற்றார். ஆனால் நுஸ்ராவின் கணக்கில் இருந்தது இருநூற்றுச் சொச்சம் மணி நேரப் பறப்பு மட்டும். விண்ணப்பித்த இடமெல்லாம் இன்னும் மணி சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். வேலை தராவிட்டால் அந்த மணியை எங்கே போய்ச் சேர்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. மாலைதீவில் கடல் விமானங்களுக்குக் கயிறு கட்டும் வேலைக்குக்கூட எழுதிப் பார்த்தாள். அதற்கும் ஆண்கள்தான் வேண்டுமாம்.

அப்படி இருந்தபோதுதான் சீகிரியாவைச் சுற்றிக்காட்டச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறக்கும் அந்தச் சின்னக் கம்பனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. தலைமை விமானிக்குப் பக்கத்தில், வலப்பக்க ஆசனத்தில் உட்கார ஓர் ஆள் தேவை. நேர்முகம் நன்றாகவே நடந்தது. முடிவைத் தொலைபேசியில் சொல்வதாகச் சொன்னார்கள். அவள் காத்திருந்தாள். ஒரு மாதமாகியும் கோல் வரவில்லை.

வந்திருக்கிறது. அவளுக்குத்தான் வரவில்லை.

அவள் மனம் முதலில் சுஜிதன்மேல்தான் போய் நின்றது. இரத்மலானை விமானப் பயிற்சிப் பள்ளியில் ஒரே விமானத்தில் மாறி மாறிப் படித்தவர்கள். அவள் உரிம இலக்கம்கூட அவனுக்கு மனப்பாடம். அந்த நேர்முகத்துக்கு அவனும் போயிருந்தான். அவனுக்கு நிலக்ஷி என்று ஒரு தங்கை இருக்கிறாள். நல்ல ஆங்கிலம் பேசுவாள். ஒரு பெண் குரல் வேண்டும் என்றால் அவனுக்கு வெளியே தேட வேண்டியதில்லை.

அப்படி நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

வாப்பா கடைக்குள் நுழைந்தார். நுஸ்ரா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“வாப்பா, நான் தம்புள்ளைக்குப் போயிட்டு வரேன்.”

“என்னத்துக்கு மகள்?”

“கூடப் படிச்ச பிள்ளை ஒண்ணு வந்திருக்கு. பார்த்துட்டு வந்துடுறேன்.”

பலீல் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டு.

“தம்புள்ளையோட நிப்பீங்கதானே? அங்கால எங்கயும் போக மாட்டீங்களே?”

“அங்கால எங்க வாப்பா போகப் போறேன்?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

அப்போது மதினி ஸஜீதா தேநீரோடு வந்தாள். நுஸ்ராவின் அண்ணன் ரிஸ்வி நானா கத்தாரில் இருப்பதால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இந்த வீட்டோடுதான். பின்னேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பாள்.

“மதினி, தம்புள்ளையில ஏதாவது வாங்கிட்டு வரணுமா?”

“ஒண்ணும் வேணாம்.”

ஸஜீதா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோப்பையை மேசையில் வைத்தபோது தேநீர் தட்டில் தளும்பியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாவுலையைத் தாண்டும்வரை நுஸ்ரா ஒரே விஷயத்தை மாற்றி மாற்றி யோசித்தாள். சுஜிதன், அவன் தங்கை, மதினி, உம்மா. உம்மா ஜெஸீமாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் மகள் ஆகாயத்தில் போவதில் அவருக்கு ஒருபோதும் சம்மதம் இருந்ததில்லை. பெண் கேட்டு யாராவது வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் இனிப்புக்கு வட்டிலப்பம்தான்.

போன மாதம்கூடப் பல்லேபொலையிலிருந்து ஒரு பெண்மணி தன் மகன் இன்ஷாபுக்காக வந்து கேட்டுவிட்டுப் போனார். மகன் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்தவராம். நுஸ்ரா முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச்சு அத்தோடு நின்றது என்றுதான் நினைத்திருந்தாள்.

தம்புள்ளையில் மரக்கறி லொறிகளுக்கிடையே பஸ் நகர முடியாமல் நின்றது. அவள் இறங்கி நடந்து, சீகிரியா பஸ்ஸைப் பிடித்தாள்.

கம்பனி அலுவலகம் இனாமலுவைச் சந்திக்குப் பக்கத்தில், ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் இருந்தது. மெனேஜர் அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். நடுத்தர வயது. இனிமையான சிங்களத்தில், தங்கை என்ற பொருளில் ‘நங்கி’ என்றே கூப்பிடுவார்.

“நங்கி! கல்யாணப் பெண் இங்க என்ன செய்யுது?”

“எனக்குக் கல்யாணம் இல்ல, சேர். நான் உங்களுக்குக் கோல் எடுக்கவும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. “என்ன சொல்றீங்க? நான்தானே பேசினேன். நல்ல இங்கிலிஷ். பெயர் சொல்லி, நேர்முகத் திகதி சொல்லி, மன்னிப்பும் கேட்டாங்க.”

“எந்த நம்பரிலிருந்து?”

“உங்க நம்பர்தான். வேற நம்பரா இருந்தா நான் நம்பியிருப்பேனா?”

நுஸ்ரா கடைக்குப் போகும் நாட்களில் அவளுடைய போன் பெரும்பாலும் வீட்டில் சார்ஜில் கிடக்கும். கடையில் சுற்றுலாப் பயணிகளோடு நிற்கும்போது அதைக் கையில் வைத்திருப்பது வாப்பாவுக்குப் பிடிக்காது. சுஜிதனோ அவன் தங்கையோ அந்தப் போனைத் தொட்டிருக்கவே முடியாது.

அது வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது.

“சரி, நடந்தது நடந்துபோச்சு,” என்றார் மெனேஜர். “சுஜிதன் நாளைக்குத் தொடங்குறார். ஆனா உங்களையும் எடுக்கலாம். எங்களுக்கு ஆள் போதாது. திங்கட்கிழமையே வாங்க.”

அவள் நிமிர்ந்தாள்.

“முதல் சில மாசம் பயிற்சிக் காலம்னு வச்சுக்குவோம். சம்பளத்தை அப்புறம் பேசலாம். ஆனா பறக்கிற மணி எல்லாம் உங்களுக்குத்தான், நங்கி. அதுதானே உங்களுக்கு வேணும்? லைசன்ஸ் மூலப்பிரதியை மட்டும் இங்க குடுத்துவைங்க. எங்க அலுமாரியில பத்திரமா இருக்கும்.”

“மூலப்பிரதியா? என்னத்துக்கு?”

“எல்லாரும் குடுக்கிறதுதான்.”

“இதுக்கு முன்னாடி வலப்பக்கத்துல இருந்தவர் எங்க?”

“போயிட்டார்.”

“அதுக்கு முன்னாடி இருந்தவர்?”

மெனேஜர் மறுபடி சிரித்தார். “நங்கி, நேர்முகம் எனக்கா, உங்களுக்கா?”

நுஸ்ராவும் சிரித்து வைத்தாள். மூலப்பிரதி கையில் இல்லை என்றாள். அது அவளுடைய கைப்பைக்குள்தான் இருந்தது.

அவளுக்கு விமானத்தைக் காட்ட அவரே வாகனத்தில் அழைத்துப் போனார். ஓடுபாதை ஓரம், தகரக் கூரையின் கீழ் அது நின்றது. ஆறு பேர் ஏறும் வெள்ளை விமானம். நெடு நாளைக்குப் பிறகு அவ்வளவு கிட்ட ஒரு விமானத்தைப் பார்த்தபோது நுஸ்ராவின் கை தானாகவே இறக்கையின் விளிம்பைத் தடவியது. திங்கட்கிழமை. அந்தச் சொல்லை அவள் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

விமானத்தின் அடியில் ஓர் ஆள் மல்லாந்து படுத்து அதன் வயிற்றுப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். விமானத்தின் மூக்கிலிருந்து சக்கரம்வரை கரிய எண்ணெய்க் கோடு. மெனேஜரைக் கண்டதும் அவர் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

“எண்ணெய் நிறையப் போகுது போல, சேர்.”

“பழைய எஞ்சின். எல்லாம் கொஞ்சம் துப்பத்தான் செய்யும்.”

அதில் பொய் இல்லை. அவள் படித்த விமானமும் எண்ணெய் துப்பும். ஆனால் இவ்வளவு துப்பாது.

“பழுது பார்க்கிற ஆள் இங்கயே இருக்காரா?”

“தேவைன்னா கொழும்பிலிருந்து வருவார். இங்க ஒருத்தன் இருந்தான். எரிபொருள் திருடினான், துரத்திட்டோம். உங்க மாத்தளைப் பக்கத்து ஆள்தான். இன்ஷாப்.”

நுஸ்ரா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் மெனேஜர் பேசிக்கொண்டே வந்தார். அவள் காதில் பாதிதான் விழுந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது பின்னேர அஸர் தொழுகைக்கு வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். உம்மா முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நுஸ்ரா நேராகக் குசினிக்குப் போனாள். ஸஜீதா கீரை அரிந்துகொண்டிருந்தாள்.

“மதினி, என்னோட குரல் உங்களுக்கு நல்லா வருமா?”

கத்தி நின்றது.

“என்ன நுஸ்ரா கேக்கிறீங்க?”

“என்னோட போன்ல, என்னோட பெயர்ல இங்கிலிஷ் பேசினீங்கல்ல. குரலையும் மாத்தினீங்களா, இல்ல உங்க குரல்லயே பேசினீங்களா?”

ஸஜீதாவின் கண்கள் நிறைந்தன. மறுப்பாள், சத்தம் போடுவாள் என்று நினைத்திருந்த நுஸ்ராவுக்கு அது எதிர்பாராதது.

“இந்த ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல,” என்றாள் ஸஜீதா. “நீங்க போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஆனா என் இஷ்டத்துக்குச் செய்யல்ல. சொன்னாங்க, செஞ்சேன்.”

“உம்மாவா சொன்னாங்க?”

“இல்ல. மாமா.”

நுஸ்ராவுக்கு முதலில் விளங்கவில்லை. ஸஜீதா மாமா என்று அழைப்பது ஒரேயொருவரைத்தான்.

“வாப்பாவா?”

“கம்பனியிலிருந்து கோல் வந்தப்ப நீங்க கடையில நின்னீங்க. மாமாதான் எடுத்து, நாளைக்கு மகள் பேசுவாங்கன்னு சொல்லி வச்சாங்க. அடுத்த நாள் என்கிட்ட போனைக் குடுத்து, இப்படி இப்படிச் சொல்லுன்னாங்க. பேசி முடிச்சதும் அந்த நம்பரையும் அழிச்சாச்சு.”

எல்லாரையும் சந்தேகப்பட்ட அந்த நாளில் அவள் வாப்பாவை மட்டும் விட்டுவைத்திருந்தாள். தம்புள்ளைக்கு அங்கால போக மாட்டீங்களே என்று அவர் கேட்டபோதுகூட அதை ஒரு தகப்பனின் கவலை என்றே எடுத்துக்கொண்டாள். காணியை விற்றவர். அவள் முதன்முதலாகத் தனியே பறந்த அன்று, இரத்மலானையில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவர்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பலீல் உள்ளே வந்தார். இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சீகிரியா வரைக்கும் போயிட்டீங்களா மகள்?”

“போனேன். ஏன் வாப்பா?”

“உட்காருங்க. சொல்றேன்.”

“நின்னே கேக்கிறேன்.”

பலீல் கதிரையில் அமர்ந்தார். “அந்த விமானம் சரியில்லன்னு கேள்விப்பட்டேன். பல்லேபொல இன்ஷாப் அங்க வேலை செஞ்சவர். எஞ்சின் உள்ளுக்குள்ள தேய்ஞ்சு எண்ணெயில இரும்புத்தூள் வருதாம். கழட்டிப் பார்க்கணும்னு சொல்லியிருக்கார். பார்க்கத் தேவையில்ல, சரின்னு கையெழுத்துப் போடுன்னு சொல்லியிருக்காங்க. மாட்டேன்னு வேலையை விட்டுட்டு வந்துட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வர்றப்ப என்கிட்ட சொன்னார்.”

“எரிபொருள் திருடினதால துரத்தினோம்னு அங்க சொல்றாங்க.”

“அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

“அவர் உங்ககிட்ட சொன்னது எப்ப? பெண் கேட்டு அவர் உம்மா வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி,” என்றார் பலீல்.

“பின்னாடி,” என்றார் முன்னறை வாசலில் வந்து நின்ற ஜெஸீமா.

வீதியில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று.

“என்ன சொல்றீங்க நீங்க?” பலீல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “அந்தப் பேச்சு அதுக்குப் பிறகுதானே வந்துச்சு?”

“அவங்க வந்துட்டுப் போனது வியாழக்கிழமை. நான் வட்டிலப்பம் செஞ்ச நாள். மறுநாள் ஜும்ஆவுக்குப் போயிட்டு வந்துதான் நீங்க முகம் கறுத்து உட்கார்ந்திருந்தீங்க.”

பலீல் யோசித்தார். அவருடைய முகத்தில் முதன்முறையாகத் தன்மீதே ஒரு சந்தேகம் எழுவதை நுஸ்ரா கண்டாள்.

“இருக்கலாம்,” என்றார் மெதுவாக. “அப்படித்தான் இருக்கும் போல. ஆனா நான் அதையும் இதையும் சேர்த்து நினைக்கல்ல.”

“அவர் நினைச்சிருக்கலாம்தானே வாப்பா? நான் பறக்காம இருந்தா அவருக்கு நல்லதுதானே?”

பலீல் தொப்பியைக் கைக்குள் மடித்தார்.

“அவர் சொன்னது பொய்னா, கிடைச்ச ஒரே வேலையை நீங்க கெடுத்துட்டீங்க. உண்மைன்னா, என்கிட்ட சொல்லியிருக்கணும். எனக்கு இருநூறு மணிதான் இருக்கு. ஆனா எஞ்சினைப் பத்தி உங்களைவிட எனக்குத் தெரியும்.” அவள் வாப்பாவுக்கு நேரே வந்து நின்றாள். “நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்னா பயந்தீங்க?”

“ஓம்,” என்றார் பலீல். “உங்களுக்கு அந்த ஆசை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏறிடுவீங்கன்னு பயந்தேன்.”

இன்றைக்குத் தகரக் கூரையின் கீழ் அந்த இறக்கையைத் தடவியது அவளுக்கு நினைவு வந்தது.

“இன்ஷாபோட நம்பரைத் தாங்க.”

எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்து அவள் கோல் எடுத்தாள். மறுமுனையில் தயக்கமான, இளம் குரல்.

“நான் நுஸ்ரா. பலீல் ஹாஜியாரோட மகள். அந்த எஞ்சின்ல நீங்க என்னத்தைக் கண்டீங்க?”

“எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பார்த்தேன். உள்ள தூள். காந்தத்தைப் பிடிச்சா ஒட்டுச்சு.”

“எவ்வளவு?”

“கண்ணுக்குத் தெரியிற அளவு. அடுத்த தடவை இன்னும் கூட.”

“எண்ணெய் எப்படிப் போச்சு?”

“வயிறு முழுக்க வழியும். காலையில துடைச்சா மத்தியானம் மறுபடி.”

நுஸ்ரா கண்களை மூடிக்கொண்டாள். கரிய கோடு. சுருட்டி எடுத்துப்போன துணி.

“உங்க உம்மாவை எங்க வீட்டுக்கு அனுப்பினது நீங்களா?”

“இல்ல. அவங்க வந்துட்டுப் போன பிறகுதான் எனக்கே தெரியும். நீங்க விமானின்னு அப்பதான் கேள்விப்பட்டேன். அந்தக் கம்பனிக்குப் போகப்போறீங்கன்னும் தெரிஞ்சுச்சு. அதனாலதான் மறுநாளே உங்க வாப்பாகிட்ட சொன்னேன்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “நான் இதைச் சொல்றப்ப எப்படித் தோணும்னு எனக்கும் விளங்குது. நம்பாட்டியும் நான் குறை சொல்ல மாட்டேன்.”

அவன் வைத்துவிட்டான். அவன் சொன்னது பொருந்தியது. நன்றாகவே பொருந்தியது. அதுவே அவளை மறுபடி உறுத்தியது. துரத்தப்பட்ட கோபத்தில் இருப்பவனுக்கும் அந்த எண்ணெய்க் கோடு தெரியும். காந்தத்தில் தூள் ஒட்டியதை அவனைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

ஆனால் நாளைக் காலை அந்த விமானத்தில் ஏறப்போவது சுஜிதன்.

விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்குச் சொல்லலாம். திங்கட்கிழமைதான் அலுவலகம் திறக்கும். சொன்னவள் யார் என்பது அதற்கு அடுத்த நாளே வெளியே வந்துவிடும். இந்தச் சின்ன நாட்டில் விமானக் கம்பனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முறைப்பாடு கொடுத்தவள் என்று பெயர் வந்தால், இருநூறு மணியோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு எந்தக் கதவு திறக்கும்?

அவள் சுஜிதனுக்கே கோல் எடுத்தாள். அறிந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். கோல் வீட்டிலிருந்து போனதைச் சொன்னாள். இன்ஷாபுக்குப் பெண் கேட்டு வந்த கதையைக்கூட விட்டுவிடவில்லை.

சுஜிதன் முழுவதையும் கேட்டான்.

“முடிச்சிட்டியா? இப்ப நான் சொல்லட்டா? நீ இண்டைக்கு அங்க போனதை மெனேஜர் எனக்குச் சொன்னவர். என்ர இடத்தை உனக்குத் தரச்சொல்லிக் கேட்டனியாம்.”

“யா அல்லாஹ்! அவர்தான் திங்கட்கிழமை வரச்சொன்னார், சுஜி.”

“பின்னேரம் வரைக்கும் நல்லா இருந்த எஞ்சின், உனக்குக் கிடைக்கேல்ல எண்டதும் பழுதாப் போச்சுது.”

“என்னை நம்ப வேணாம். நாளைக்கு ஏறுறதுக்கு முன்னாடி அந்த வடிகட்டியை வெட்டிக் காட்டச் சொல்லு. உன்னோட கண்ணால பாரு. அவ்வளவுதான் கேக்கிறேன்.”

“முதல் நாளே போய் நிண்டு எஞ்சினைத் திறவுங்கோ எண்டு கேட்டா, எனக்கு இரண்டாம் நாள் இருக்குமே?”

அவன் இடத்தில் அவள் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

“காலமை நீயும் என்னைத்தான் சந்தேகப்பட்டனி,” என்றான் சுஜிதன். “உன்ர குரல்லயே விளங்கினது. இப்ப என்ர முறை.” இணைப்பு அறுந்தது.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு நுஸ்ரா முன்னறைக்கு வந்தபோது போன் ஒலித்தது. சுஜிதன் என்று நினைத்துப் பாய்ந்து எடுத்தாள். அவனுடைய தாய் சுசீலாதேவி. மாத்தளையில் அரசாங்க விடுதியில் அவர்கள் இருந்த காலத்திலிருந்தே நுஸ்ராமேல் பிரியம் உள்ளவர்.

“பிள்ளை, சுஜி சொன்னவனோ? நாளைக்கு அவன்ர முதல் பறப்பு. கம்பனி எங்களையே ஏறச்சொல்லியிருக்கு. நானும் அவரும் நிலக்ஷியும். அவன்ர அப்பா சிவசுப்பிரமணியத்தாருக்கு இப்பவே கால் நிலத்தில இல்ல, சப்பாத்தெல்லாம் மினுக்கி வச்சிட்டார்.” அவர் சிரித்தார். “இன்னும் ஒரு இடம் சும்மா கிடக்குதாம். உங்களுக்குள்ள ஏதோ சண்டை போல. அவன் சொல்லேல்ல, முகத்தில தெரியுது. ரெண்டு பேரும் ஒண்டாப் படிச்ச பிள்ளையள். நீர் வாரும் பிள்ளை. வருவீர்தானே?”

நுஸ்ரா சுவரில் சாய்ந்தாள். இவரிடம் சொல்லலாம். சொன்னால் மகனைக் கேட்பார். மகன் பொறாமை என்பான். தாய் மகனைத்தான் நம்புவார்.

“எத்தனை மணிக்கு அன்ரி?”

“விடிஞ்ச உடன.”

“வரேன்.”

போனை வைத்ததும் ஜெஸீமா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க வரேன்னு சொன்னீங்க? அதுலயா ஏறப்போறீங்க?”

“நான் ஏறல்ல உம்மா. அவங்களையும் ஏற விடமாட்டேன். அந்த மூணு பேருக்கு முன்னாடி மெனேஜர்கிட்ட கேக்கப்போறேன், திறந்து காட்டுங்கன்னு.”

“காட்டி, உள்ள ஒண்ணும் இல்லாட்டி?” என்றாள் ஸஜீதா.

“சுஜிகிட்ட மன்னிப்புக் கேப்பேன். அதோட விமானத்துல எனக்கு யாரும் வேலை தரமாட்டாங்க.”

“இருந்தா?”

“அப்பவும் தரமாட்டாங்க, மதினி.”

பலீல் எழுந்தார். “வேனை நான் ஓட்டுறேன். இன்ஷாபையும் வழியில ஏத்திக்குவோம். என்கிட்ட தனியாச் சொன்னதை அங்க எல்லாருக்கும் முன்னாடி சொல்லட்டும்.”

அவர் இன்ஷாபின் இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்தார். எடுத்துப் பார்த்து மறுபடி அழுத்தினார். முகம் சுருங்கியது.

“என்ன வாப்பா?”

“போன் ஓஃப்ல இருக்கு.”

ஜெஸீமாவும் ஸஜீதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சற்று முன்னர்தான் பேசியவன்.

“பொய்யா இருக்குமோ?” பலீலின் குரல் இறங்கிப்போயிருந்தது. “போகத்தான் வேணுமா மகள்?”

நுஸ்ரா கைப்பையிலிருந்து உரிமத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நாளைக்கு அது தேவைப்படாது.

“அவர் வராட்டிப் போகட்டும் வாப்பா. எஞ்சின் அங்கதானே இருக்கு.”